பத்தொன்பதாம் குறிப்பு

அந்த வருடம் கம்பெனியின் பொதுக்கூட்டம் ஆகஸ்ட் கடைசியில் நடந்ததா, செப்டம்பர் முதல் வாரத்திலா என்பது எனக்கு நிச்சயமில்லை. லாஹிரி பாபு முதல் தடவை சொன்னபோது ஒரு மாதிரி சொன்னார். சில வருடம் கழித்து நான் கேட்டபோது வேறு மாதிரி சொன்னார். எது அவர் சொன்னது, எது நானாக இட்டு நிரப்பியது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. எண்கள் மட்டும் சரியாகத்தான் இருக்கும். எண்களில் அவர் தவறமாட்டார்.

சுதீந்திர லாஹிரி முப்பத்தொரு வருடம் பௌபஜாரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். பாடப் புத்தகமோ கல்யாணப் பத்திரிகையோ அல்ல, கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள். கோடை வந்தால் நாற்பது ஐம்பது கம்பெனிகளின் அறிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மேஜையில் வந்து விழும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். நாள் முழுக்க எண்கள்தான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஷியாம்பஜாரில் தன் மாடியறையில் உட்கார்ந்து, தானே உரக்கப் படித்து, தானே விரலை ஓட்டுவார். கீழ்ப்போர்ஷன்காரர்கள் முதலில் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு புரிந்துகொண்டு, அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. தங்கைகளுக்கு ஆகட்டும் என்று காத்திருந்தார். தங்கைகளுக்கு ஆனபோது அவருக்கு நாற்பத்தைந்து.

டிரம்மண்ட் கீல் இஞ்சினியரிங் என்ற கம்பெனியில் அவருக்கு ஐம்பது பங்குகள் இருந்தன. ஹௌராவில் ரயில் பெட்டிக்கான சுருள்வில்லும் வார்ப்பிரும்புக் குழாயும் செய்கிற பழைய வெள்ளைக்காரக் கம்பெனி. ஒரு துர்கா பூஜை போனஸில் வாங்கியது. வருடத்துக்கு இருநூறு முந்நூறு ரூபாய் டிவிடெண்ட் வரும். அந்தப் பணத்துக்காக அவர் அந்தப் பங்குகளை வைத்திருக்கவில்லை. வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்காக வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில், கடைசிக்கு மூன்றாவது வரிசையில், பதினொரு வருடமாக அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஹைமந்தி பாக்சி உட்கார்ந்து வந்தார்.

ஹைமந்தியின் கணவர் அந்தக் கம்பெனியின் வார்ப்படச் சாலையில் மேற்பார்வையாளராக இருந்து செத்துப்போனவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஆயிரத்து எண்ணூறு பங்குகளை மனைவிக்கு வைத்துவிட்டுப் போனார். வருடம் தவறாமல் கூட்டத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நம்மை மறந்துவிடுவார்கள் என்று கடைசி நாட்களில் சொல்லியிருந்தாராம். முதல் வருடம் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஹைமந்தி, தீர்மானத்தை வாசித்துச் சொல்ல முடியுமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் லாஹிரி. உரக்க வாசிப்பது அவருக்குத் தெரிந்த ஒரே வேலை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றரை மணி நேரம். மேடையில் இருப்பவர்கள் பேசப் பேச லாஹிரி தாழ்ந்த குரலில் அதற்கு உரை சொல்வார். அவர் சொல்வதற்கு யாராவது சிரித்தது என்றால், அது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். முடிந்ததும் வாசலில் பொட்டலம் கொடுப்பார்கள். எண்ணெயில் பொரித்த இரண்டு கச்சோரி, சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்று. அவருக்குச் சர்க்கரை, ஹைமந்திக்கு எண்ணெய் ஆகாது. நின்றபடியே மாற்றிக்கொள்வார்கள். பிறகு ஹைமந்தி பெஹாலா போகும் பஸ்ஸிலும் லாஹிரி வடக்கே போகும் டிராமிலும் ஏறிக்கொள்வார்கள். வீடு எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. அந்த அம்மாள் அவரை "லாஹிரி பாபு" என்பார். அவரோ என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பதினொரு வருடமாக முடிவு செய்யவில்லை. பௌதி, அதாவது அண்ணி என்றால் கணவரை அண்ணனாக அறிந்திருக்க வேண்டும். அக்கா என்று பொருள்படும் தீதியைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எந்த அழைப்பும் இல்லாமல்தான் பேசினார்.

அந்த வருடம் தலைவர் எழுந்து அறுபது சதவீத டிவிடெண்ட் என்று அறிவித்தார். அரங்கம் கைதட்டியது. ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவரைப் புகழ்ந்து சொந்தமாகக் கவிதை படிக்கும் ஒரு பங்குதாரர் அன்றும் எழுந்தார். தலைவரை வற்றாத கங்கை என்றார்.

"கங்கையில நிறைய பொணமும் மிதக்கும்னு அந்தாளுக்கு யாராவது சொல்லுங்களேன்" என்றார் லாஹிரி.

ஹைமந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குனிந்து, தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"அறுபதுன்னதும் கை தட்டறாங்க பாருங்க. முகமதிப்பு பத்து ரூபா, அதுல அறுபது. ஆறு ரூபா, அவ்வளவுதானே. நான் அதுக்கெல்லாம் மயங்கறவ இல்ல. இன்னிக்கு மார்க்கெட்ல பங்கு நாப்பத்தாறு. நாப்பத்தாறு போட்டா ஆறு வருது. பதிமூணு சதவீதம். சரியா?"

"சரிதான்."

"பேங்க்ல ஆறரைதான் தர்றான். அவரோட பி.எஃப். பணம் நாலு லட்சம் டெபாசிட்ல கெடக்கு. லட்சுமி பூஜை முடிஞ்ச கையோட முதிருது. முன்ன பன்னெண்டு வட்டி வந்தப்ப சமாளிச்சேன். இப்ப மாசக் கடைசியில மீன்காரன் குரல் கேட்டா கதவைச் சாத்திக்கறேன். மாப்பிள்ளைகிட்ட கை நீட்ட மாட்டேன். அதை அப்படியே இதுல போட்டுடலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க, லாஹிரி பாபு?"

அந்தக் கணக்கை இரண்டு வருடம் முன்பு நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியவர் லாஹிரிதான். முகமதிப்பைப் பார்க்காதீர்கள், சந்தை விலையால் வகுத்துப் பாருங்கள் என்று சொன்னவர். ஹைமந்தி அதைத் தப்பில்லாமல் செய்திருந்தார். தப்பு வேறு இடத்தில் இருந்தது.

ஆண்டறிக்கையை எல்லோரும் முன்னாலிருந்து பார்ப்பார்கள். பளபளக்கும் தாள், தலைவரின் படம், புதிய உலையின் படம். லாஹிரி பின்னாலிருந்துதான் படிப்பார். பொடி எழுத்தில் வரும் கணக்குக் குறிப்புகளில் பத்தொன்பதாவது, 'இதர வருமானம்' பற்றியது. பேலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் கம்பெனிக்கு இருந்த பதினொரு பீகா நிலத்தை, ஏறக்குறைய மூன்றரை ஏக்கரை, அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றிருந்தார்கள். அந்தப் பணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், சுருள்வில்லும் குழாயும் விற்று வந்த லாபம் பங்குக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. கொடுத்தது ஆறு ரூபாய். மிச்சம் நாலு ரூபாய் அறுபது காசு நிலத்திலிருந்து வந்தது. விற்க வேறு நிலம் இல்லை.

மூன்று வருடம் முன்பு அதே பங்கு தொண்ணூற்றிரண்டு ரூபாய். விஷயம் தெரிந்தவர்கள் விற்று வெளியேறிக்கொண்டிருந்ததால்தான் பாதியாகியிருந்தது. அந்த வகுத்தலில் மேலே இருக்கும் ஆறை நிலம் ஊதிவிட்டது. கீழே இருக்கும் நாற்பத்தாறைப் பயம் சுருக்கிவிட்டது. பதின்மூன்று என்பது இந்த இரண்டுக்கும் பிறந்த எண். ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்காது.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் வாயைத் திறந்தார். திறந்த அதே நேரத்தில் இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. இதைச் சொன்னால் இந்த அம்மாள் புதிதாக வாங்கமாட்டார் என்பது மட்டுமல்ல, கையில் இருப்பதையும் விற்றுவிடுவார். விற்றவருக்கு அடுத்த வருடம் அழைப்பு வராது.

"பழைய கம்பெனி" என்றார் லாஹிரி.

ஹைமந்தி அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். வாசலில் கச்சோரியும் சந்தேஷும் கைமாறின.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் லாஹிரி பத்தொன்பதாம் குறிப்பைப் பலமுறை உரக்கப் படித்தார். படிக்கும்போது அந்தக் குரல் ஒரு சாட்சியின் குரலைப் போல இருந்ததாம். தான் சொன்ன இரண்டு வார்த்தையில் பொய் இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டார். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அது ஒரு சமாதானம் அல்ல. விட்டுப்போன வரியும் பிழைதான், அதுதான் பெரிய பிழை. அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் அதைத்தான் புதியவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலையில் தேநீர் ஆறிக் கிடந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். சொல்ல முகவரி இல்லை.

ஆனால் பங்குதாரருக்கு ஓர் உரிமை உண்டு. கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்குப் போய், உறுப்பினர் பதிவேட்டைக் காட்டு என்று கேட்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. யாரும் கேட்பதில்லை. லாஹிரி ஐம்பது பங்குக்கான தாளை எடுத்துக்கொண்டு டல்ஹௌசியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனார். நாலாவது மாடியில் தாரக் ஷீல் என்ற குமாஸ்தா, வெற்றிலை மென்றபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுத்தில் மனு வேண்டும் என்றார். பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் என்றார். மனுவும் இருந்தது, மணியும் பதினொன்றேகால் ஆகியிருந்தது. குமாஸ்தா வேறு வழியில்லாமல் எழுந்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன் மோஷாய். இந்தப் பதிவேட்டைக் கேட்டு ரெண்டு ஜாதிதான் வரும். ஒண்ணு கேஸ் போடறவன், இன்னொண்ணு கல்யாணத் தரகன். நீங்க இதுல எது?"

"மூணாவது" என்றார் லாஹிரி.

"மூணாவது என்ன?"

"பிழை திருத்தறவன்."

தாரக் ஷீல் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்து, தடித்த புத்தகத்தை மேஜையில் போட்டார். பா எழுத்தில் பன்னிரண்டு பாக்சிகள் இருந்தார்கள். ஹைமந்தி, விதவை, மாதவ் சர்க்கார் சந்து, பெஹாலா. கம்பெனியின் புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. லாஹிரி அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றே போயிருக்கலாம். பூஜைக்கு முந்தைய அமாவாசையான மகாளயாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் தனியாக இருக்கும் ஒரு விதவையின் வீட்டு வாசலில், வருடத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பழக்கமில்லாத ஓர் ஆண், காரணம் இல்லாமல் போய் நிற்க முடியாது. அந்தச் சந்தில் இருக்கும் ஜன்னல்களை எல்லாம் அவர் போகாமலே பார்த்துவிட்டார். பூஜை முடியட்டும் என்று நினைத்தார். தசமிக்குப் பிறகு பிஜயா. அப்போது யாரும் யார் வீட்டுக்கும் போகலாம், கும்பிடலாம், இனிப்புச் சாப்பிடலாம். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பணம் முதிர்வது, தசமி கழிந்து ஐந்தாம் நாள் வரும் லட்சுமி பூஜைக்குப் பிறகுதானே. நாள் இருக்கிறது.

தெருவெல்லாம் பந்தல் போட்டு மேளம் அதிர்ந்த அத்தனை நாளும் துண்டுத்தாள் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போது தாளையும் மாற்றிக்கொண்டார்.

தசமிக்கு மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு அவர் பெஹாலாவில் இறங்கினார். பஸ்ஸில் வரும்போது இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்று பத்தொன்பதாம் குறிப்பைப் பற்றியது. மற்றது இது: எல்லாவற்றையும் விற்றாலும் ஒரே ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பங்கு இருந்தாலே கூட்டத்துக்கு அழைப்பு வரும்.

கதவைத் திறந்த ஹைமந்தி அவரை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நாற்காலியில் பக்கவாட்டாகவே பார்த்த முகம். பிறகு "அட, லாஹிரி பாபு" என்று கும்பிட்டு உள்ளே அழைத்தார். முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. பிஜயா அல்லவா. ஒரு தட்டு நிறையத் தேங்காய் உருண்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். தட்டு அதுவரை கலையாமல் இருந்தது. இந்த வருடம் இன்னும் ஒருவரும் வரவில்லை என்றும், துர்காபூரில் இருக்கும் மகளுக்கு லீவு இல்லை என்றும் சொன்னார். லாஹிரி சர்க்கரையை மறந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் தொடங்கும் முன்பே ஹைமந்தி நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு சொன்னார்.

"நான் காத்திருக்கல. பூஜா லீவு முடிஞ்சா விலை ஏறிடும்னு தரகர் சொன்னார். மகாளயாவுக்கு மறுநாளே டெபாசிட்டைப் பாதி உடைச்சுட்டேன். ரெண்டு லட்சத்துக்கு வாங்கியாச்சு, நாப்பத்தேழுல. மீதி பாதி லட்சுமி பூஜைக்கப்புறம். நீங்களும் பழைய கம்பெனின்னு சொன்னீங்களே."

மகாளயாவுக்கு மறுநாள். பையில் முகவரியோடு அவர் பிஜயாவுக்காகக் காத்திருந்த நாலாவது நாள் அது.

லாஹிரி வாயில் இருந்த உருண்டையை விழுங்கினார். பிறகு கொண்டுவந்திருந்த அறிக்கையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பத்தொன்பதாம் குறிப்பை உரக்கப் படித்தார். நிலம், பீகா, தொகை. தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தார். ஆறு ரூபாயில் எது உலையிலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டினார். அடுத்த வருடம் ஒரு ரூபாய் நாற்பது காசையும் முழுதாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டார். ஹைமந்தி பென்சிலை வாங்கித் தானே போட்டார். மூன்று சதவீதம். அந்த அம்மாளுக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவர் பேலூர் யார்டுலதான் மொதல்ல வேலை பாத்தார்" என்றார் ஹைமந்தி. "அந்த மண்ணை வித்து எனக்குக் குடுத்திருக்காங்க."

பின்கட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"இது உங்களுக்குக் கூட்டத்தன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

லாஹிரியிடம் உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதை அறுபத்து மூன்று வயதில் ஒரு தேங்காய் உருண்டைத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

"சொல்லியிருக்கணும்" என்றார்.

ஹைமந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று லாஹிரி காத்திருந்தார். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார். கோபித்துக்கொள்கிற அளவுக்காவது நான் அங்கே ஒரு பொருட்டாக இருந்திருப்பேன் என்றார்.

"சரி. இப்ப வந்து சொன்னீங்களே, அது போதும். புதுசா வாங்கினதை வித்துடறேன். பழசையும் வித்துடலாமா?"

இரண்டாவது வாக்கியத்துக்கு இடம் வந்துவிட்டது. "எல்லாத்தையுமா?" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"பின்ன? மூணு சதவீதத்துக்கு எதுக்கு வெச்சுக்கணும். ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அந்தக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் ரெண்டு பஸ் மாறி வரணும். அந்த ஏசி குளிருக்கு முழங்கால் ஒரு வாரம் பிடிச்சுக்கும். அவர் சொல்லிட்டுப் போனாரேன்னு வந்துட்டிருந்தேன். இனிமே அந்தத் தொல்லை இல்ல." சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் நினைவுக்கு வந்ததுபோல, "உங்களுக்கும் அந்தக் குளிர் ஆகாதுதானே?" என்றார்.

"ஆமா. குளிர்தான்" என்றார் லாஹிரி. "ஒண்ணு விடாம வித்துடுங்க."

தரகரிடம் என்னென்ன சொல்ல வேண்டும், காகிதமாக இருக்கும் பழைய பங்குகளை விற்க எந்தப் படிவம் வேண்டும் என்று ஹைமந்தி கேட்டார். லாஹிரி ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தார். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்த்தார். வாசல் வரை வந்து ஹைமந்தி கும்பிட்டார். மறுபடியும் வாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வதுபோல் சொன்னார். லாஹிரி தலையாட்டிவிட்டுச் சந்தில் இறங்கி நடந்தார். எந்த ஜன்னலிலும் யாரும் இல்லை.

ஹைமந்தி பாக்சி புதிதாக வாங்கியதை நாற்பத்தொன்றுக்கு விற்றார். ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் ரூபாய் நஷ்டம். காகிதப் பங்குகள் கைமாற மேலும் ஒரு மாதம் ஆயிற்று, அவை முப்பத்தெட்டுக்குப் போயின. வந்ததையும் மீதி டெபாசிட்டையும் தபால் நிலைய மாதாந்தரத் திட்டத்தில் போட்டார். நாலு வருடம் கழித்துப் பெஹாலா வீட்டைக் காலிசெய்து மகளோடு இருக்க துர்காபூர் போய்விட்டார். டிரம்மண்ட் கீல் அடுத்த வருடம் ஒரு ரூபாய் கொடுத்தது, அதற்கடுத்த வருடம் ஒன்றும் கொடுக்கவில்லை. பங்கு பதினொரு ரூபாய்க்கு வந்து, பிறகு சந்தைப் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டது. தாரக் ஷீல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பாராசாத்தில் மகனின் மருந்துக் கடையில் உட்கார்ந்தார். லாஹிரி பாபு இன்னும் மூன்று கூட்டங்களுக்குப் போனார். கம்பெனி கூட்டம் நடத்துவதை நிறுத்திய பிறகு அவர் நின்றுகொண்டார். ஐம்பது பங்குகளையும் அவர் கடைசி வரை விற்கவில்லை. எழுபதாவது வயதில் சர்க்கரை முற்றி, ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் செத்துப்போனார். பங்குத்தாளைத் தங்கைகளில் யாரும் வந்து கேட்கவில்லை.